வேறெங்கோ அடைந்த பொழுது

தோமையார்துறையில் இந்தக் கதையைப் புயலிலிருந்து தொடங்குகிறவர்கள் யாருமில்லை, எல்லாரும் மெர்சிலினுடைய கண் எரிச்சலிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் அந்த எரிச்சல் வந்திராவிட்டால் அவள் புருசன் ததேயு தன் கூட்டாளியைக் கூப்பிட்டு வந்திருக்கமாட்டான், கூட்டாளி வந்து அந்த லேப்டாப்பைத் தொட்டிராவிட்டால் ஊர் மொத்தமும் ஏறக்குறைய ஒரு வருசம் இரண்டு சூரியன்களுக்குக் கீழே பிழைக்க வேண்டி வந்திருக்காது.

மெர்சிலின் கோவில் தெருவில் ஒற்றை அறையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், வெயில் நேரத்தில் கோபித்துக்கொண்டு நின்றுவிடும் ஒரு ஜெராக்ஸ் மெஷின். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு விண்ணப்பிப்பதும், கிழங்களுக்குப் பென்ஷன் பதிவதும், வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு டிக்கெட் எடுப்பதுமாக நாள் முழுக்க அந்த வெள்ளைத் திரையையே பார்த்துப் பார்த்து, சாயங்காலம் ஆனால் அவள் கண் இரண்டும் மிளகாய் தொட்ட கையால் கசக்கினதுபோல் எரியும். ததேயு ஆழ்கடலுக்குத் தங்கலுக்குப் போகிறவன், போனால் மாதக்கணக்கில் அங்கேயே தங்கி மீன் பிடித்து வருகிறவன், தூரத்துப் படகின் எஞ்சின் சத்தத்தை வைத்து அது யாருடைய படகென்று சொல்லிவிடுவான், ஆனால் போனில் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. அதனால் அடுத்த தங்கலுக்குக் கிளம்பும் நாளன்று காலையில், அதே படகில் போகிற கிளிட்டஸைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

கிளிட்டஸ் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே குனிந்து, ஒரு பக்கத்தைத் திறந்து இன்னொரு பக்கத்துக்குள் போய், எதையோ தேடிப் பிடித்தான்.

"இனி நீ ஒண்ணும் செய்யாண்டாம் தங்கச்சி. பொழுது அடஞ்சா இது தன்னால கறுக்கும். விடிஞ்சா தன்னால வெளுக்கும்."

"எந்த ஊருப் பொழுதுண்ணு அதுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"அதத்தான் கேக்குது. நீ எங்க இருக்கண்ணு கேக்குது" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே, திரையில் எழுந்த கேள்வியின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினான்.

பிறகு இரண்டு பேரும் ஐஸ் ஏற்றப் போனார்கள். படகின் பெயர் சகாய அன்னை. அதில் போனவர்கள் ஆறு பேர்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு காற்று அடித்தது. அடித்து ஓய்ந்தபின் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக, பாய்மரம் ஒடிந்தும் எஞ்சின் நின்றும், எங்கெங்கோ கரையேறின. சகாய அன்னை மட்டும் எங்கேயும் ஏறவில்லை. தேடப் போன கப்பல்கள் திரும்பின, தேடப் போன விமானங்கள் திரும்பின, தங்கள் சொந்தப் படகிலேயே தேடப் போன ஊர்க்காரர்களும் வாயைத் திறக்காமல் திரும்பினார்கள். கடைசியில், வடக்கே ஒரு துறையில், பெயர் எழுதின பலகையில் பாதி ஒதுங்கியது. அதில் 'சகாய' என்பது மட்டும் இருந்தது.

பங்குச்சாமியார் ஆறு பேருக்கும் சேர்த்து இறந்தோர் பூசை வைக்கலாம் என்றார். பூசைக்குப் படம் வேண்டும் என்பதால் ஆறு வீட்டுப் பெண்களும் ஒரு சாயங்காலம் மெர்சிலின் சென்டரில் கூடினார்கள். அழுது ஓய்ந்த முகங்கள், மடியில் பழைய போட்டோக்கள். அவர்களோடு ரெமிஜியுஸும் வந்து வாசலில் நின்றார். சரக்குக் கப்பலில் வேலை பார்த்து உலகத்திலுள்ள துறைமுகமெல்லாம் குடித்துப் பார்த்தவர் என்பதால் ஊரில் அவரைக் கப்பல்காரர் என்று சொல்வார்கள். ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டிருக்கும்போதே வெளியில் பொழுது அடைந்தது, கோவில் மணி அடித்தது, தெருவிளக்கு எரிந்தது, பெண்கள் கையிலிருந்த போன்கள்கூட ஒவ்வொன்றாகக் கறுத்தன. லேப்டாப் மட்டும் வெள்ளையாகவே இருந்தது. மெர்சிலின் அதைக் கவனித்தாள், கவனித்தும் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் ததேயு போன நாளிலிருந்தே அது அப்படித்தான், முதலில் கொஞ்சம், பிறகு இன்னும் கொஞ்சம் எனப் பிந்திக்கொண்டே இருந்தது, மெஷின் பழசாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள். கடைசிப் படம் பிரிண்டரிலிருந்து இறங்கும்போது, வெளியே நன்றாக இருட்டி நட்சத்திரமும் வந்துவிட்ட பிறகு, திரை மெதுவாகக் கறுத்தது.

ரெமிஜியுஸ் வாசலிலிருந்து உள்ளே வந்தார். திரையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"பிள்ளே, இது நம்ம ஊரு அந்தி இல்ல. இது லட்சத்தீவுக்கும் மேக்க, நல்லா மேக்க உள்ள அந்தி."

அந்த அறையில் யாரும் ஆச்சரியப்பட்டதாகச் சொல்ல முடியாது. ஆச்சரியப்பட அவர்களுக்குத் தெம்பு இல்லை. ஒரு பெண் மட்டும், "அப்ப அங்க யாருக்கோ இப்பதான் பொழுது அடையுது" என்றாள், அதைச் சொன்னபோதே ஐந்து பேர் மடியிலிருந்த போட்டோக்களைக் கவிழ்த்து வைத்தார்கள். கிளிட்டஸின் மனைவி பிலோமி மட்டும் எழுந்து, தன் புருசன் படத்தை ஈரம் காய ஊதிக்கொண்டு, "எனக்கு நாளைக்குப் பூசை இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் இறந்தோர் பூசை கிளிட்டஸ் ஒருவனுக்குத்தான் நடந்தது. பிலோமியும் அவள் இரண்டு பெண்பிள்ளைகளும் சாமியாரும் மணியடிக்கிற கோவில்பிள்ளையும் தவிர யாரும் போகவில்லை. உயிரோடு நடமாடுகிற புருசனுக்கு மாலை போட்டவள் என்று அன்றைக்கே ஊர் அவளைப் பேசத் தொடங்கியது. பிலோமி அலுமினியச் சருவத்தில் மீனை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போனாள், வந்தாள், மறுநாளும் போனாள்.

அன்று முதல் ஊர் திரையைப் பார்த்துப் பிழைக்கப் பழகியது. பொழுது அடைந்ததும் ஐந்து வீட்டுப் பெண்களும் சென்டருக்கு வருவார்கள், அவர்களோடு அவர்களுடைய நாத்திகளும் மாமியார்களும் வருவார்கள், இடம் போதாமல் வாசலில் பாய் விரிப்பார்கள், ஜெபமாலை சொல்வார்கள், சுண்டல் அவித்துக்கொண்டு வந்து பங்கு வைப்பார்கள், திரை கறுத்ததும் ஒருத்தி "அடஞ்சிட்டு" என்பாள், எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போய் அதன் பிறகுதான் சோறு உண்பார்கள், ஏனென்றால் அங்கே அவர்களும் இப்போதுதான் உண்பார்கள். நாளாக நாளாக அந்த அந்தி பின்னால் நகர்ந்தது. ரெமிஜியுஸ் அதற்குத் தக்கபடி இடம் சொன்னார். "இப்ப ஏடன் பக்கம். அங்க வெயிலு சுட்டா மண்டை வெடிக்கும், ஆனா பேரிச்சம்பழம் கிடைக்கும்." ஐந்து பெண்களும் பேரிச்சம்பழம் வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு கல்யாணத்துக்கு நேரம் குறிக்கும்போது, மாப்பிள்ளையின் சித்தப்பா அந்தப் படகில் போனவர் என்பதால், அவருக்கும் விடிந்திருக்க வேண்டும் என்று பூசையைத் தள்ளி வைக்கச் சொன்னார்கள். சாமியார் முதலில் முடியாது என்றார், பிறகு தள்ளி வைத்தார். மெர்சிலினை எல்லாரும் தாங்கினார்கள். அவள் வீட்டு அடுப்பு எரிய வேண்டிய அவசியமே இல்லாதபடி ஏதாவது ஒரு வீட்டிலிருந்து குழம்பு வந்துகொண்டிருந்தது. அவள் புருசன்தான் இருக்கிற இடம் சொல்லிக்கொண்டே போகிறவன், மற்றவர்கள் அவனோடு இருப்பவர்கள், ஊர் அப்படித்தான் எண்ணியது. அவளும் அப்படித்தான் எண்ணினாள். திரை வெளுக்கும்போதெல்லாம் கையைத் திரையில் வைத்து, "எந்திச்சிட்டியளா?" என்று கேட்பாள்.

ரெமிஜியுஸ் பேசுவதை நிறுத்தின நாள் ஒன்று வந்தது. சுவரில் ஒட்டியிருந்த உலகப் படத்துக்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

"என்ன மாமா?" என்றாள் மெர்சிலின்.

"படகுண்ணா ஆப்பிரிக்காவச் சுத்தணும் பிள்ளே. கீழ போயித் திரும்பணும். போற வேகம் கூடும், குறையும், காத்துக்கு நிக்கும். இது நிக்கவே இல்ல. ஒரே சீரு. கரைக்கு நேரா வந்து, கரையேறி, குறுக்கால போவுது."

"குறுக்காலண்ணா?"

"நடந்து" என்றார் ரெமிஜியுஸ்.

பெண்கள் அதையும் வாங்கிக்கொண்டார்கள். நடக்கிறார்கள் என்றால் கால் வலிக்கும் என்று கோவிலில் செருப்புக் காணிக்கை வைத்தார்கள், ஐந்து ஜோடி, புதுசு. ஆனால் ஆப்பிரிக்கா தாண்டி மறுபடி பெரிய கடல் வந்த பிறகும் அந்த அந்தி அதே சீராகப் போனது, கூடாமல் குறையாமல், தரையில் எப்படிப் போனதோ அப்படியே. இதை ரெமிஜியுஸ் யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒரு மனிதன் கடலுக்கு மேலே அப்படி நடக்க முடியாது என்பதும், வேறெங்கே நடக்கலாம் என்பதும் கடற்கரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த நாட்களில் திரை கறுத்த பிறகு, "அடஞ்சிட்டு" என்று சொல்கிறவள் அதைக் கொஞ்சம் தாழ்ந்த குரலில் சொன்னாள், பிள்ளைகளை யாரும் கூட்டிக்கொண்டு வரவில்லை.

பிறகு அவர்களுடைய பகல் ஊரின் இரவுக்குள் வந்து விழுந்தது. ஊர் உறங்கும்போது சென்டரின் சன்னல் வழியாக வெள்ளை வெளிச்சம் தெருவில் சதுரமாகக் கிடந்தது, அந்தச் சதுரத்துக்குள் சேவல்கள் வந்து நின்று கூவின, நாய்கள் அதைச் சுற்றிப் போயின. ஊரின் நண்பகலில் திரை கன்னங்கரேல் என்று இருந்தது, அந்த நேரத்தில் ஐந்து வீட்டுக் கதவும் சாத்தியிருக்கும், பெண்கள் உள்ளே படுத்திருப்பார்கள், மீன் வாங்க வந்தவர்கள்கூடக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்கள். இப்படி இரண்டு சூரியன்களுக்கு நடுவே இழுபட்டு ஐந்து பேரும் மெலிந்தார்கள், கண்ணுக்குக் கீழே கறுத்தது. சாமியார் ஒருநாள் மெர்சிலினிடம், "அத அணைச்சு வச்சிரும்மா" என்றார். மெர்சிலின், "அணைச்சா அவிய வழி தெரியாம நின்னுட்டா என்ன செய்ய சாமி?" என்று கேட்டாள். 

அடுத்த மழைக்காலம் நெருங்கும்போது, ரெமிஜியுஸ் உலகப் படத்தின் மறுபக்கத்தில் கை வைத்தார். "மலாக்கா தாண்டியாச்சு." சில வாரம் கழித்து, "அந்தமான்." இப்போது திரை ஊருக்கு முன்னாலேயே கறுத்தது. ஒவ்வொரு நாளும் முந்துவது குறைந்துகொண்டே வந்தது. தேயத் தேய ஊரில் பரபரப்பு ஏறியது. ஐந்து வீட்டுக்கும் வெள்ளையடித்தார்கள். ததேயுவின் சட்டைகளை மெர்சிலின் துவைத்துத் தேய்த்து, மறுபடி துவைத்து, மறுபடி தேய்த்தாள்.

ஊரின் அந்தியும் திரையின் அந்தியும் ஒன்றாகச் சேரும் என்று ரெமிஜியுஸ் சொன்ன நாளில் தோமையார்துறை முழுக்கக் கடற்கரையில் நின்றது. மேளம் வந்திருந்தது, ஆனால் அடிக்கவில்லை. மெர்சிலின் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்து, திரை ஊருக்குத் தெரியும்படி பிடித்துக்கொண்டு, அலை கால் நனைக்கும் இடத்தில் நின்றாள். சூரியன் தண்ணீரைத் தொட்டது, அமிழ்ந்தது, கடைசிச் சிவப்புப் போனது, அந்த நொடியே திரை கறுத்தது. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள். கடல் வழக்கம்போல் வந்து வந்து போனது. ஒரு தலைகூட எழவில்லை. ஈர மணலில் மட்டும், நண்டு ஓடின தடத்துக்குப் பக்கத்தில், கரையை நோக்கி ஒரு கோடு போயிருந்தது. ஒரே ஒரு ஆள் காலை இழுத்து நடந்தால் விழுவது போன்ற கோடு. அதை ஊர்க்கூட்டம் மிதித்து அழித்த பிறகுதான் அதைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள்.

மறுநாளும் திரை ஊரோடு சேர்ந்தே வெளுத்தது. திரையில் நடந்து வந்தவர் ஊருக்குள் வந்துவிட்டார், எங்கே இருக்கிறார் என்றுதான் தெரியவில்லை. பிறகு, நல்ல வெயிலடிக்கிற முற்பகலில், திரை திடீரென்று கறுத்து, மத்தியானம்வரை கறுப்பாகவே இருந்து, பிறகு வெளுத்தது.

"கூரைக்குக் கீழ இருக்கு" என்றார் ரெமிஜியுஸ். "ஏதோ ஒரு வீட்டுக்குள்ள. கதவடைச்சா இருட்டுது."

மெர்சிலின் தன் வீட்டுக்கு ஓடினாள். கதவைச் சாத்தினாள், சன்னல்களைச் சாத்தினாள், ஓட்டிலிருந்த கண்ணாடியைச் சாக்கால் மூடினாள், சன்னல் இடுக்குகளில் சேலைகளைத் திணித்தாள், ஒன்றும் தெரியாத இருட்டில் நடுவீட்டில் நின்று, "வந்திருக்கியளா?" என்று கேட்டாள். தெருவில் லேப்டாப்பைத் திறந்து பிடித்து நின்ற ரெமிஜியுஸின் குரல் கேட்டது. "வெள்ளதான் பிள்ளே." அவள் கொஞ்ச நேரம் அந்த இருட்டிலேயே நின்றாள். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. மற்ற நான்கு பெண்களும் தங்கள் வீட்டை அப்படியே அடைத்து இருட்டுக்குள் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், ஒவ்வொரு முறையும் ரெமிஜியுஸ் "வெள்ளதான்" என்று சொன்னார்.

மறுநாள் காலை மெர்சிலின் சென்டரில் தனியாக உட்கார்ந்திருந்தாள். தெருவில் பிலோமி போனாள், தலையில் சருவம், இடுப்பில் வீட்டுச் சாவி. அவள் சன்னலைக் கடந்தபோது திரை ஏற்கெனவே கறுத்திருந்தது. மத்தியானம் அவள் வெறும் சருவத்தோடு திரும்பிப் போனாள். அவள் தன் வீட்டுப் பூட்டைத் திறக்கிற நேரம் ஆனபோது திரை வெளுத்தது.

மெர்சிலின் தன் கையைப் பார்த்தாள். படகு கிளம்பின அன்று காலையில் திரையில் எழுந்த கேள்வியின் மேல் வைத்த விரல் அவளுடையது இல்லை, ததேயுவுடையதும் இல்லை. நீ எங்க இருக்கண்ணு அது கேட்டது கிளிட்டஸிடம். இத்தனை நாள் அவள் கையால் தடவி எழுப்பினது, உண்டியளா என்று கேட்டது, வழி தவறிவிடுவாரே என்று உறங்காமல் இருந்தது, எல்லாம் இன்னொருத்தி புருசனுக்காக.

அவள் அதை உடனே சொல்லவில்லை. சொன்னால் நாளைக்குக் குழம்பு வராது என்பது காரணமில்லை, சொன்னால் ததேயு எங்கேயும் இல்லாமல் போய்விடுவான் என்பதுதான் காரணம். ஆனால் ஒவ்வொரு நாளும் பிலோமி சந்தைக்குப் போனதும் திரை கறுத்தது, அவள் வரும்வரை கறுப்பாகவே இருந்தது, அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கும்போது, உலகம் முழுக்க நடந்து வந்த ஒரு மனிதன் பூட்டின வீட்டுக்குள் இருட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி மெர்சிலினுக்குத் தோன்றும். ஒருநாள் அவளால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. லேப்டாப்பை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பிலோமி வீட்டுக்குப் போனாள்.

பிலோமி அப்போதுதான் வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மெர்சிலின் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பிலோமி கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அழுது முடிச்சு வச்சிருக்கேன் மெர்சி" என்றாள் கடைசியில். "ஊரு ஒரு வருசம் எங்கூடப் பேசல்ல. எம் பிள்ளைய ரெண்டும் பள்ளிக்கூடத்துல தனியா இருந்து சோறு திங்குது. எல்லாத்தையும் தாங்கி அழுது முடிச்சு வச்சிருக்கேன். இப்ப வந்து அவிய இருக்காவண்ணு சொல்லுதியே."

"பொய்யா இருந்தா நல்லதுண்ணு நானும் நெனச்சேன் மைனி."

பிலோமி ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "முன்னறையில தரை தினமும் ஈரமா இருக்கு" என்றாள். "கொஞ்ச நாளா. துடைக்கத் துடைக்க ஊறுது. உப்பு ஓதம்ணு நெனச்சேன்."

இருவரும் முன்னறைக்குள் போனார்கள். சுவரில் மாலை போட்ட கிளிட்டஸ் படம், அதற்குக் கீழே ஒரு நாற்காலி, நாற்காலிக் காலைச் சுற்றித் தரையில் ஈரம். மூலையில் பழைய மர அலமாரி. சன்னல் திறந்திருந்தது, வெயில் உள்ளே வந்து கிடந்தது. மெர்சிலின் லேப்டாப்பைத் தரையில் வைத்துத் திறந்தாள். வெள்ளை.

"மைனி, ஒண்ணே ஒண்ணு. அவரு கிட்ட ஒண்ணு கேக்கணும். நான் கேட்டா கேக்குமாண்ணு தெரியல்ல. நீங்க கேளுங்க."

பிலோமி அவளைப் பார்த்தாள். மூலைக்குப் போய் அலமாரியின் ஒரு கதவைத் திறந்து வைத்தாள், உள்ளே தொங்கிய சேலைகளை ஒதுக்கி ஒரு ஆள் நிற்க இடம் செய்தாள். பிறகு நாற்காலியைப் பார்த்து, ஒரு வருசமாகப் பேசாத குரலில் பேசினாள்.

"ஏங்க. கேக்குதா? படகு உடையும்போது ததேயு ஒங்ககூட இருந்தாவளா? இருந்தாவண்ணா இந்த அலமாரிக்குள்ள இருட்டுல போய் நில்லுங்க."

ஒன்றும் நடக்கவில்லை. வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு நாற்காலியிலிருந்து அலமாரிவரை தரையில் ஈரம் ஒன்றன்பின் ஒன்றாக ஊறி வந்தது, சேலைகள் லேசாக ஆடின, திரை கறுத்தது.

மெர்சிலின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வெளிய வாங்க" என்றாள் பிலோமி. திரை வெளுத்தது. "அதுக்குப் பொறவு ஒங்ககூட நடந்து வந்தாவளா? வந்தாவண்ணா போய் நில்லுங்க."

திரை வெள்ளையாக இருந்தது. இருவரும் காத்திருந்தார்கள். பிலோமி அதே கேள்வியை இன்னொரு தரம், மெதுவாக, சின்னப் பிள்ளையிடம் கேட்பது மாதிரி கேட்டாள். வெள்ளை. சன்னல் வழியாக வந்த வெயில் தரையில் நகர்ந்து மெர்சிலினின் காலைத் தொட்டது. வெள்ளை. அத்தனை வெள்ளையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"அண்ணைக்கேவா?" என்று மெர்சிலினே கேட்டாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "அண்ணே, அவிய அண்ணைக்கே போய்ட்டாவளா?"

அலமாரிக்குள் சேலைகள் ஆடின. திரை கறுத்தது.

மெர்சிலின் அந்த ஈரத் தரையில் முகம் படும்படி விழுந்து அழுதாள். ஒரு வருசத்துக்கான அழுகை, அக்கம்பக்கம் எல்லாம் கேட்கும்படியான அழுகை. பிலோமி அவள் தலையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். தெருவில் ஆட்கள் கூடினார்கள். ஒரு வருசமாக அந்த வாசல் மிதிக்காத மற்ற நான்கு பெண்களும் முதலில் வெளியில் நின்றார்கள், பிறகு ஒருத்தி உள்ளே வந்தாள், அவள் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள், அவர்களுக்கு யாரும் ஒன்றும் விளக்கவில்லை. தரையைப் பார்த்தார்கள், திரையைப் பார்த்தார்கள், பிலோமியின் மடியில் கிடந்த தலையைப் பார்த்தார்கள், உட்கார்ந்து அழத் தொடங்கினார்கள். சாயங்காலம் சாமியார் வந்தபோது பிலோமிதான் அவரிடம் பேசினாள். "பெட்டி வேணும் சாமி. ஆறு."

ஆறு பெட்டியும் கோவிலில் வரிசையாகத் திறந்து வைக்கப்பட்டன. ஐந்தில் துணிமணி வைத்தார்கள். மெர்சிலின் தேய்த்து வைத்த சட்டைகளை அடுக்கி, மேலே ஒரு ஜோடிச் செருப்பும் வைத்தாள். ஆறாவதில் ஒன்றும் வைக்கவில்லை. ஊர் முழுக்க எழுந்து நின்றது. பிலோமி தன் வீட்டிலிருந்து கோவில்வரை, யாரையோ கைப்பிடித்துக் கூட்டிவருகிற மாதிரி ஒரு கையைச் சற்றே பின்னால் நீட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக நடந்து வந்தாள். அவள் வந்த வழி நெடுக ஈரம் இருந்தது, வழியில் நின்றவர்கள் விலகி இடம் விட்டார்கள், ஆண்கள் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் குனிந்து, காதில் சொல்கிற மாதிரி, "இவ்வளவு தூரம் வந்தீங்கல்லா. நான் பாத்துட்டேன். இனி நடக்காண்டாம்" என்றாள். பக்கத்தில் நின்ற ரெமிஜியுஸ் கையில் லேப்டாப்பைத் திறந்தபடி வைத்திருந்தார். நண்பகல், கோவிலின் கதவெல்லாம் திறந்து கிடந்தது. மூடியை வைத்தார்கள். திரை கறுத்தது.

தூக்கினவர்கள் பிறகு சொன்னது, ஐந்து பெட்டியும் ஐந்து பெட்டிதான், ஆறாவதைத் தூக்க முதலில் நின்ற நான்கு பேர் போதவில்லை, இன்னும் நான்கு பேர் தோள் கொடுக்க வேண்டியிருந்தது, கல்லறைவரை அதன் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. மெர்சிலின் ததேயுவின் பெட்டி பின்னால் நடந்தாள். அது வெறும் பெட்டி என்று அவளுக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும், அதனால் யாரும் அவளிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பிலோமி மட்டும் கூடவே நடந்தாள்.

மறுநாள் மெர்சிலின் சென்டரைத் திறந்தபோது வெளியே வெயில் கொளுத்தியது, திரை கறுப்பாகவே இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். பரீட்சைக்கு விண்ணப்பிக்க வந்த ஒரு பெண் திரையைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் பெயரை எழுத்தெழுத்தாகச் சொன்னாள், மெர்சிலின் கறுப்பில் வெள்ளையாக அடித்தாள். அவள் போன பிறகு ரெமிஜியுஸ் வந்து உட்கார்ந்தார், கறுத்த திரையைப் பார்த்தார்.

"ஒரு பட்டன அமுக்கினா வெள்ளையாகும்லா பிள்ளே. கையாலேயே மாத்தலாம். நான் அமுக்கட்டா?"

அவர் நீட்டின கையை மெர்சிலின் பிடித்து, மெதுவாக மேசையிலிருந்து விலக்கினாள்.

"வேண்டாம் மாமா" என்றாள். "இப்பதான கண்ண மூடியிருக்காவ."